காமெடி சேனலில் தொடங்கி கிராம சபை வரை: டிவி பார்த்து அரசியலுக்குள் வருவது எப்படி நடக்கிறது?

2017 பிப்ரவரியில் அம்பாசமுத்திரம், ஆலங்குளம், நாங்குநேரி என்று திருநெல்வேலிச் சீமையில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. சட்டமன்றத்தில் மொத்தம் 234 இடம், ஜெயலலிதா மறைந்ததால் ஆர்.கே. நகர் காலி, மீதி 233, ஆட்சி நிற்க 117 பேர் வேண்டும், அதிமுக இரண்டாக உடைந்ததில் சசிகலா பக்கம் கூவத்தூர் விடுதியில் இருப்பது எத்தனை பேர், பன்னீர்செல்வம் பக்கம் வந்தது எத்தனை பேர். பேப்பரில் சினிமாப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் புரட்டாத பையன்கள்கூட அந்தக் கணக்கைத் தப்பில்லாமல் சொன்னார்கள். எங்கே படித்தார்கள் என்றால், படிக்கவில்லை. ராத்திரி எட்டு மணி விவாதத்தில் காதில் விழுந்தது, அப்புறம் வடிவேலு படங்களில் எம்எல்ஏக்களின் பெயரை ஒட்டி செல்போனில் சுற்றிய மீம்களில் கண்ணில் பட்டது.

அதே நாட்களில் அதே ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவர் என்று ஒருவரும் பதவியில் இல்லை. 2016 அக்டோபரோடு உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்து, நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், எல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருந்தது. இதைப் பற்றிய பேச்சு அபூர்வம்.

டிவி பார்த்து அரசியலுக்கு வருவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். "காமெடி பார்த்து அரசியல் பேச வந்தவன்" என்று சிலர் இளக்காரமாகச் சொல்கிறார்கள். டிவி வந்த பிறகுதான் ஜனங்களுக்கு விவரம் வந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

எல்லாவற்றையும் 'காமெடி' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

1. நையாண்டி: அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டுவது. இதில் ஒரு குறி உண்டு, ஒரு குற்றச்சாட்டும் உண்டு.

2. பகடி: ஒருவருடைய நடை, குரல், வேட்டி கட்டு ஆகியவற்றை அப்படியே எடுத்துக் கூட்டிக் காட்டுவது. மிமிக்ரி இந்த வகை. இதில் குற்றச்சாட்டு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால்தான் பகடி செய்யப்பட்ட தலைவரே மேடையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போக முடிகிறது.

3. நக்கல்: நம் ஊர்ப் பேச்சின் அன்றாடச் சரக்கு. யார் பெரிய ஆளாகத் தன்னைக் காட்டிக்கொண்டாலும் "என்னவே, ரொம்பத்தான் பேசுதீரு" என்று ஒரு சொல்லில் தரைக்குக் கொண்டுவருவது. கட்சி பார்க்காது. கொள்கையும் கேட்காது.

4. செய்தி, விமர்சனம், விவாதம்: நடந்ததைச் சொல்வது செய்தி. நடந்ததற்கு என்ன பொருள் என்று ஒருவர் தன் பொறுப்பில் சொல்வது விமர்சனம். நாலு பேரை எதிரெதிரே உட்காரவைத்து நெறியாளர் கேள்வி கேட்பது விவாதம். இந்த மூன்றும் ஒரே சேனலில் அடுத்தடுத்து வருவதால் பார்ப்பவருக்கு ஒன்றாகத் தெரிகிறது.

அரசியல் ஆர்வத்தை நேரடியாகக் கிளப்பக்கூடியது முதல் வகைதான். தமிழ் டிவியில் மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதுதான். ஏன் என்று சொல்லும் முன் கொஞ்சம் பழைய கதை.

டிவிக்கு முன்னாலும் இதுதான் வழி

எட்டயபுரத்துக்காரரான பாரதி 1906 முதல் 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரங்களைப் போட்டார். தமிழ்ப் பத்திரிகையில் அந்தக் கலையைத் தொடங்கி வைத்தது அவர்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற ஆளுக்கும் படம் புரியும், படத்தில் இருப்பது யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான், அங்கே அரசியல் தொடங்கிவிடும். திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942-ல் 'தினத்தந்தி'யைத் தொடங்கி, படிப்பு குறைந்தவருக்கும் புரிகிற தமிழில் செய்தி எழுதவைத்ததும் இதே வேலையின் இன்னொரு பக்கம். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்க, பதினோராவது ஆள் நக்கல் அடிக்க, விவாத நிகழ்ச்சியின் மூல வடிவம் அதுதான் என்பது என் எண்ணம்.

மேடையிலும் இது நடந்தது. எம்.ஆர். ராதா நாடகத்தில் அன்றன்று பேப்பரில் வந்ததை வசனத்துக்கு நடுவே இழுத்துவிடுவார். சென்னை மாநிலத்தில் 1954-ல் நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது என்றால், அவருடைய நாடகங்கள் உண்டாக்கிய தலைவலி அதற்கு ஒரு முக்கியக் காரணம். சோ 1968-ல் 'முகமது பின் துக்ளக்' நாடகம் போட்டு, 1970-ல் 'துக்ளக்' பத்திரிகை தொடங்கினார். திமுக மேடையில் வெற்றிகொண்டானும் தீப்பொறி ஆறுமுகமும் பேசுகிறார்கள் என்றால், டவுன் வாகையடி முனை போன்ற இடங்களில் கட்சி பார்க்காமல் கூட்டம் நிற்கும். சிரிக்கத்தான் வருவார்கள். திரும்பிப் போகும்போது ஒரு மசோதாவின் பெயராவது காதில் ஒட்டியிருக்கும்.

தமிழ் டிவியில் சிரிப்பும் செய்தியும் ஏன் தனித்தனி சேனலில் இருக்கின்றன?

அமெரிக்காவில் ஜான் ஸ்டீவர்ட் 1999 முதல் 2015 வரை 'தி டெய்லி ஷோ' நடத்தினார். அன்றைய செய்தியை எடுத்து, அரசியல்வாதி நேற்றுப் பேசியதையும் ஐந்து வருஷத்துக்கு முன் பேசியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, நடுவில் ஒரு முகபாவனை காட்டுவார். சிரிப்பும் செய்தியும் ஒரே ஆள் வாயில், ஒரே அரை மணி நேரத்தில். இப்படித் தினமும் வந்து நிலைத்த நிகழ்ச்சி தமிழில் இல்லை. நம் ஆட்களுக்கு நக்கல் தெரியாதா என்ன? காரணம் வேறு, அது உரிமையாளர் யார் என்பதில் இருக்கிறது.

சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தது, திமுக தலைமைக்கு உறவான மாறன் குடும்பத்துடையது. ஜெயா டிவி 1999-ல் வந்தது, அப்போது அதிமுக பக்கம். மக்கள் தொலைக்காட்சி பாமக, கலைஞர் டிவி திமுக, கேப்டன் டிவி தேமுதிக. வசந்த் டிவியின் எச். வசந்தகுமார் காங்கிரஸ்காரர், நம் நாங்குநேரி தொகுதிக்கே எம்எல்ஏவாக இருந்தவர். 24 மணி நேரச் செய்தியில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த புதிய தலைமுறை 2011-ல் தொடங்கியது, அதன் குழுமத்தின் தலைவரும் ஒரு கட்சியை நிறுவியவர்தான். இப்படி இருக்கும்போது, எல்லாத் தலைவரையும் ஒரே அளவில் கேலி செய்யும் தினசரி நிகழ்ச்சிக்கு எந்த வீட்டில் இடம் கிடைக்கும்? எதிர்க்கட்சித் தலைவரைக் கேலி செய்ய ஒவ்வொரு சேனலிலும் இடம் உண்டு, சொந்தத் தலைவரைச் செய்ய எங்கும் இல்லை.

அதனால் வேலை பிரிந்துபோனது. சிரிப்பை ஆதித்யா, சிரிப்பொலி மாதிரி சேனல்கள் எடுத்துக்கொண்டன. அவை நாள் முழுக்கப் போடுவது பெரும்பாலும் பழைய சினிமா நகைச்சுவைக் காட்சிகள். விமர்சனத்தைச் செய்திச் சேனல்கள் எடுத்துக்கொண்டன. இரண்டையும் இணைக்கும் வேலை பார்க்கிறவர் தலையில் விழுந்தது. ஒரு வடிவேலு காட்சியில் வரும் பேரத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரி விவாதத்தில் ஒரு எம்எல்ஏ பேசுவதைக் கேட்டதும் "இது அதேதான்" என்று சொல்வது அவர்தான். மீம் என்பது இந்த இணைப்பு, படமாக வெளியே வந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு ஆசிரியர் குழு சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை இங்கே பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிப் பையன் பஸ்ஸில் போகும்போது செய்கிறான்.

இன்னொரு விஷயம், டிவி எல்லா வீட்டுக்கும் வந்ததே அரசியலால்தான். 2006 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதிப்படி 14 அங்குல கலர் டிவி வீடு வீடாக வந்தது. 2011-ல் அதிமுக ஆட்சியில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. பொதிகை மலை அடிவாரத்துக் கிராமத்திலும் தேயிலைத் தோட்ட வீட்டிலும் செய்திச் சேனல் ஓட ஆரம்பித்தது இப்படித்தான்.

ஒரு கேலி எப்படிச் சட்டம் வரை கொண்டுபோகிறது: கூவத்தூர் உதாரணம்

படிப்படியாகப் பார்த்தால் தெளிவாகும்.

1. முதலில் வருவது காட்சி. எம்எல்ஏக்களை பஸ்ஸில் ஏற்றிக் கடற்கரை விடுதியில் வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் சிரிப்பு வருகிறது, மீம் வருகிறது.

2. சிரிப்புக்கு அடியில் ஒரு கேள்வி. இத்தனை பேரை ஏன் அடைத்து வைக்க வேண்டும்? வெளியே விட்டால் என்ன ஆகிவிடும்?

3. விவாதத்தில் ஒரு சொல் காதில் விழுகிறது: நம்பிக்கை வாக்கெடுப்பு. 2017 பிப்ரவரி 18 அன்று அது நடந்தது. எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவாக 122, எதிராக 11.

4. அந்த 11 பேரும் அதே கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தவர்கள். எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி எம்எல்ஏக்களுக்கு உத்தரவிடுபவர் கொறடா, அவர் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்று யாரோ சொன்னார்களே?

5. இங்கேதான் கட்சித் தாவல் தடைச் சட்டம் வருகிறது. அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை, 1985-ல் 52-வது திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. இரண்டு வழியில் பதவி போகும்: கட்சியிலிருந்து தானாக விலகியதாகக் கருதப்பட்டால், அல்லது கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால். முடிவு செய்பவர் சபாநாயகர்.

6. 2017 ஆகஸ்டில் தினகரன் பக்கம் இருந்த எம்எல்ஏக்கள் கவர்னரிடம் கடிதம் கொடுத்தார்கள், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று. செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார்.

ஆறாவது படிக்கு வந்த ஆள் இனிமேல் சும்மா இருக்க மாட்டார். எதிர்த்து வாக்கே போட்ட 11 பேருக்குப் பதவி போகவில்லை, கடிதம் மட்டும் கொடுத்த 18 பேருக்குப் போனது. இது எப்படி என்று கேட்கிற இடத்துக்கு அவர் வந்துவிட்டார். சபாநாயகர் ஆளுங்கட்சிக்காரர் என்பது, எப்போது முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் கெடு வைக்கவில்லை என்பது, உயர்நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றது, எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளை விட்டுப் போகிறது.

இது சென்னை விஷயம் என்று நினைத்திருந்தவருக்கு இன்னொன்றும் தெரியவந்தது. அந்த 18-ல் விளாத்திகுளமும் ஒட்டப்பிடாரமும் இருந்தன. இரண்டும் பழைய நெல்லை மாவட்டத்து ஊர்கள், 1986-ல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தில் இப்போது இருப்பவை. இடைத்தேர்தல் விளாத்திகுளத்தில் 2019 ஏப்ரல் 18, ஒட்டப்பிடாரத்தில் மே 19. ஒன்றரை வருஷத்துக்கு மேல் அங்கே எம்எல்ஏ கிடையாது. கூவத்தூர் மீமைப் பார்த்துச் சிரித்த கரிசல் காட்டுக்காரர், பாலம் கேட்டு மனு கொடுக்க எந்த வாசலுக்குப் போவது என்று யோசிக்க வேண்டி வந்தது.

முறத்துக்கு முன்னால் ஓடும் டிவி

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் ஒரு வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தால் இந்தக் காட்சி கிடைக்கும். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் நனைத்துத் துணியில் சுற்றிய பீடி இலை, கத்தரி. இரண்டு மூன்று பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கண் பாதி நேரம் இலையில்தான், கை நிற்காது, காது மட்டும் சும்மா இருக்கிறது. அதனால் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். சீரியல், காமெடி, சாயந்திரம் ஆனால் செய்தி. பேப்பர் படிப்பவருக்குக் கண்ணும் நேரமும் வேண்டும், டிவிக்குக் காது போதும். உழைக்கிற பெண்களுக்கு அரசியல் செய்தி சென்று சேர்ந்ததில் இந்த ஒரு வித்தியாசம் பெரிய பங்கு வகித்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது பீடிக்குப் போட்ட வரி 28 சதவீதம், உச்ச விகிதம். பீடி இலைக்கு 18.

"மயினி, அந்தாளு சொல்லுத இருவத்தெட்டு நம்ம பீடிக்கா?"

"நம்ம பீடிக்குத்தான்ளா. கூலியில பிடிக்க மாட்டாவ. ஆனா விக்கது கொறஞ்சா நமக்குத் தாற இலை கொறையும், பாத்துக்க."

இந்த இரண்டு வரியில் மறைமுக வரி என்றால் என்ன என்பது முழுசாக இருக்கிறது. வரி கட்டுவது கம்பெனி, விலையில் சுமப்பது வாங்குபவர், விற்பனை சரிந்தால் வேலை நாள் குறைவது சுற்றுபவருக்கு. விவாதத்தில் ஒரு மணி நேரம் பேசியும் சிலருக்குப் புரியவைக்க முடியாத சங்கதி.

அதே வருஷம் தீபாவளிக்கு வந்த 'மெர்சல்' படத்தில் ஜிஎஸ்டி பற்றிய வசனம் பெரிய சண்டையாகி, பாஜக அதை நீக்கச் சொல்லி, எல்லாச் செய்திச் சேனலும் நாள்கணக்கில் அதையே பேசின. சிங்கப்பூரில் 7 சதவீதம் வரி வாங்கி மருத்துவம் இலவசமாகத் தருகிறார்கள், இங்கே 28 வாங்கியும் தருவதில்லை, சாராயத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்ற ரீதியில் போகும் வசனம். அது எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. சிங்கப்பூரில் அப்போது 7 சதவீதம் என்பது சரி. மருத்துவம் முழுக்க இலவசம் என்பது சரியில்லை, சம்பளத்தில் கட்டாயமாகப் பிடித்த சேமிப்பிலிருந்தும் நோயாளி தன் பங்கைக் கட்டுகிறார்.

2. இங்கே அப்போதும் 28 என்பது எல்லாப் பொருளுக்கும் கிடையாது. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு, பெரும்பாலான மருந்துக்கு அப்போது 5 அல்லது 12.

3. மதுவுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது சரி. ஆனால் வரியே இல்லை என்று பொருள் இல்லை. குடிக்கும் மதுவை அரசியல் சாசனத் திருத்தமே ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்தது, மாநிலங்கள் தனியாக வரி போடுகின்றன. டாஸ்மாக் வருமானம் மாநிலத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வசனம் எழுதுகிறவர் வேலை கேள்வியைக் கொளுத்திப் போடுவது. மேலே உள்ள மூன்றையும் பிரித்துச் சொல்வது விவாதம் நடத்துகிறவர் வேலை. அன்று விவாதங்கள் பெரும்பாலும் நடிகர் அரசியலுக்கு வருவாரா என்பதிலேயே சுற்றின. அதுதான் வருத்தம்.

ஆய்வுகள் சொல்வதும் 2011 சொல்வதும்

இதை அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் மேத்யூ பாம் என்ற அரசியல் ஆய்வாளர் சொன்னது: அரசியலில் அக்கறை இல்லாதவர்கள் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்காக உட்காருகிறார்கள், போகிற போக்கில் அரசியலும் உள்ளே இறங்குகிறது. 2006-ல் பாம்கார்ட்னர், மோரிஸ் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு இரண்டு பக்கத்தையும் காட்டியது. டெய்லி ஷோ பார்த்தவர்களுக்கு வேட்பாளர்கள் மீதும் தேர்தல் முறை மீதும் அவநம்பிக்கை கூடியது. ஆனால் அரசியல் தனக்குப் புரிகிறது என்ற நம்பிக்கையும் கூடவே கூடியது.

இந்த இரண்டாவது பாதியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "நமக்கு எதுக்குடே அரசியல்" என்று ஒதுங்குகிறவர் பலர் ஒதுங்குவது வெறுப்பில் இல்லை, புரியாது என்ற கூச்சத்தில். அந்தக் கூச்சத்தை உடைக்கிற எதுவும் நல்லதுதான். அதே சமயம், புரிகிறது என்ற நினைப்பு வேறு, புரிவது வேறு. ஸ்டீபன் கோல்பேர் 2011-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். அமெரிக்காவில் தேர்தல் நிதி எவ்வளவு ஓட்டையாக இருக்கிறது என்று காட்ட, தேர்தல் ஆணையத்தின் முன்னாள் தலைவரையே வக்கீலாக வைத்துக்கொண்டு, நிஜமாகவே ஒரு நிதி திரட்டும் அமைப்பைப் பதிவு செய்து, அதன் நடைமுறைகளை நிகழ்ச்சியிலேயே செய்து காட்டினார். அவருடைய பார்வையாளர்கள் செய்திச் சேனல் பார்த்தவர்களைவிட அந்த விஷயத்தில் அதிகம் தெரிந்துவைத்திருந்தார்கள் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னென்பர்க் மையம் 2014-ல் கண்டறிந்தது. வாரக்கணக்கில் ஒரே விஷயத்தைத் தொடர்ந்து தொட்டதால் கிடைத்த பலன் அது. நம் ஊரில் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கிற தேர்தல் பத்திரங்கள் 2018-ல் வந்து 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்யும்வரை இருந்தன. அந்த ஆறு வருஷத்தில் அப்படி ஒரு தொடர் தமிழில் வந்திருந்தால் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சிரிப்பு ஓட்டாக மாறுமா? 2011 சட்டமன்றத் தேர்தலில் வடிவேலு திமுகவுக்காக ஊர் ஊராகப் பேசினார், குறி தேமுதிக தலைவர் விஜயகாந்த். சன் டிவியும் கலைஞர் டிவியும் விடாமல் காட்டின. கூட்டம் அலைமோதியது. முடிவு வந்தபோது திமுக 23 இடம், தேமுதிக 29 இடம், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். மக்கள் சிரித்தார்கள், ஓட்டை வேறு கணக்கில் போட்டார்கள். காமெடி பார்ப்பவர் ஏமாந்துவிடுவார் என்று பயப்படுகிறவர்கள் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விவாதம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பெயருக்குக் கீழே வரும் பட்டை. 'செய்தித் தொடர்பாளர்' என்றால் கட்சி சம்மதத்தோடு பேசுகிறார், பொறுப்பு உண்டு. 'அரசியல் விமர்சகர்', 'மூத்த பத்திரிகையாளர்' என்றால் பொறுப்பு அவருடையது மட்டும். 'சிந்தனையாளர்', 'ஆதரவாளர்' என்று வந்தால் கட்சிக்காகப் பேசுவார், கட்சி பதில் சொல்லாது.

2. நேரம். ஒரு மணி நேரத்தில் விளம்பரம், நெறியாளர் கேள்வி, குறுக்கீடு போக நாலு பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் தேறினால் அதிகம்.

3. தலைப்பு எப்படித் தேர்வாகிறது. விளம்பரப் பணம் பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது, அதை 'பார்க்' என்ற அமைப்பு மீட்டர் பொருத்திய மாதிரி வீடுகளை வைத்துக் கணிக்கிறது. மோசடிப் புகாரால் செய்திச் சேனல்களுக்கு 2020 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை அந்தக் கணிப்பே நிறுத்தப்பட்டது. சண்டை வரக்கூடிய தலைப்புக்கு ஆள் சேருகிறது, அதனால் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது.

டிவிக்கு வெளியே நின்றுபோனது

இப்போது முதலில் சொன்ன பஞ்சாயத்து விஷயத்துக்கு வரலாம். 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வழக்கு, வார்டு வரையறை என்று இழுத்து 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. நெல்லையில் நடக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்திருந்தது, பிரிந்த ஒன்பது மாவட்டங்களில் வரையறையை முடித்துவிட்டு நடத்துங்கள் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஆக முழுசாக ஐந்து வருஷம், ஒரு பதவிக்காலம் அளவுக்கு, நெல்லை, தென்காசிக் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது. தேர்தல் நடத்தாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஆள் இல்லை, கையெழுத்துப் போட வேண்டிய தனி அலுவலருக்கோ பல பஞ்சாயத்துகள். எட்டு மணி விவாதம் சென்னையில் நடக்கிறது, அங்கிருந்து பார்த்தால் கூவத்தூர் பக்கம், கீழப்பாவூர் தூரம். உள்ளூர் கேபிள் சேனலில் கொடை விழாவும் கடை விளம்பரமும் வரும், ஒன்றிய அலுவலகம் வராது.

ஆனால் டிவியும் ஊரும் ஒரே இடத்தில் சந்தித்த நாளும் உண்டு. 2016-ல் ராதாபுரம் தொகுதியில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார், ஜெயித்தவர் இன்பதுரை. 203 தபால் ஓட்டு எண்ணப்படாமல் ஒதுக்கப்பட்டது. சான்றளித்துக் கையெழுத்திட்ட தலைமையாசிரியர்கள் அதற்குத் தகுதியான அதிகாரிகள்தானா என்பது கேள்வி. வழக்கு நடந்து, தகுதி உண்டு என்று சொன்ன உயர்நீதிமன்றம், 2019 அக்டோபர் 4 அன்று தன் வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடத்தியது. முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. அன்று முழுக்க டிவியில் அதுதான். திசையன்விளை, வள்ளியூர் பக்கம் எந்த ஆசிரியர் வீட்டில் கேட்டாலும் தபால் ஓட்டு உறையில் எது எங்கே வைக்க வேண்டும், யார் கையெழுத்து செல்லும் என்பதை விவரமாகச் சொல்வார்கள். அது அவர்கள் போட்ட ஓட்டு, அவர்கள் தலைமையாசிரியரின் கையெழுத்து. முடிவு வெளிவராமலே அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்தது. 2021-ல் அப்பாவு அதே தொகுதியில் ஜெயித்து சபாநாயகர் ஆனார், கூவத்தூர்க் கதையில் எல்லாம் யார் கையில் இருந்தது என்று பார்த்தோமோ அந்த நாற்காலி.

சட்டமன்றக் கணக்கு பிடிபட்டவருக்குக் கிராம சபைக் கணக்கு கஷ்டம் இல்லை. ஊரின் வாக்காளர் எல்லோரும் கூடும் கூட்டம்தான் கிராம சபை, தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பஞ்சாயத்தின் வரவு செலவை அங்கே மக்கள் முன்னால் வைக்க வேண்டும், ஓட்டுரிமை உள்ள யாரும் எழுந்து கேட்கலாம், தீர்மானப் புத்தகத்தில் தன் கேள்வி பதிவானதா என்று கூட்டம் முடிவதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.